விழுங்கியவை

மடவைக் குழம்பு வைத்த நாளில் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டே சாப்பிடக் கூடாது. பழவேற்காட்டு ஏரி மீன்; ஆந்திர எல்லையோரத்து எங்கள் ஆரம்பாக்கத்தில் அதற்குப் பாதி பேரம் தெலுங்கில் நடக்கும். முள் தைத்தால் ஆயா வெறுஞ்சோற்றை உருட்டி, மெல்லாமல் விழுங்கச் சொல்லும். சில சமயம் இறங்கும், சில சமயம் முள் இன்னும் ஆழமாகக் குத்தும். மருத்துவர்களுக்கு இந்த வைத்தியம் சுத்தமாகப் பிடிக்காது.

காசு விஷயத்தில் ஆயா சொன்னது சரி. பக்கத்து வீட்டுப் பையன் ஒற்றை ரூபாயை முழுங்கியபோது, சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வந்த அவன் அப்பா பதறினார். ‘வெளிக்குப் போறப்போ வந்துடும்டா’ என்றது ஆயா. வயிற்றுக்குள் இறங்கிவிட்ட காசு பெரும்பாலும் அப்படித்தான் வரும். விழுங்கிய பொருள்களில் 80 முதல் 90 சதவீதம் தானாகவே வெளியேறிவிடும். உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால்தான் எண்டோஸ்கோப்பி: வளையும் குழாய், அதன் வழியே எலிப்பல் இடுக்கி, சுருக்குக் கண்ணி, சின்ன வலை.

ஊக்கு வேறு கதை. அம்மாக்களின் தாலிச் சங்கிலியில் எப்போதும் இரண்டு மூன்று தொங்கும். மடியில் கிடக்கும் குழந்தைக்கு அதுதான் விளையாட்டு. திறந்த ஊக்கு கூர்முனை மேலே பார்த்தபடி நின்றால் நேரே இழுக்கக் கூடாது, கிழித்துவிடும். இரைப்பைக்குள் தள்ளி, அங்கே திருப்பி, கூர்முனை பின்னால் வரும்படி எடுக்க வேண்டும். பிலடெல்பியாவில் செவாலியே ஜாக்சன் என்ற மருத்துவர் அந்தக் காலத்தில் வளையாத குழாயை வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார். எடுத்ததை அவர் பத்திரப்படுத்தியும் வைத்தார். 2,000-க்கு மேற்பட்ட ஊக்குகளும் காசுகளும் பொத்தான்களும் எலும்புகளும் இன்று அங்குள்ள மட்டர் அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் இருக்கின்றன. எங்கள் தெருப் பெண்கள் அவரிடம் ஊக்கைத் திருப்பிக் கேட்டுச் சண்டைக்கே போயிருப்பார்கள்.

ஆயா காலத்தில் பட்டன் பேட்டரி இல்லை. இப்போது ரிமோட்டில், திருவிழாக் கடை லைட்டு பொம்மையில், எல்லாவற்றிலும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் காசு போலவே தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, செங்குன்றம் என்று லாரிகளுக்கு நடுவே சென்னை போய்ச் சேருவதற்குள்ளேயே அந்த நேரம் கரைந்துவிடும். ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற பிள்ளைக்கு வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அரிப்பு கொஞ்சம் மட்டுப்படும். வீட்டில் தேன் இல்லையென்றால் கடை தேடிக்கொண்டு நிற்காமல் வண்டியை எடுத்துவிட வேண்டும்.