மொய்ங்கா தேடிய கதை

துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், சாயங்காலம் பீச் ஸ்டேஷனுக்குப் போகும் முன் செகண்ட் லைன் பீச்சில் நின்று ஒரு தட்டு அத்தோ சாப்பிடாமல் நான் ரயில் ஏறிய நாட்கள் குறைவு. பர்மா சாப்பாடு என்றால் எனக்கு அதுதான். கூட வேலை பார்த்த நண்பர் மட்டும் அந்த வண்டிகள் பக்கம் வரவே மாட்டார். அவர் ரங்கூனில் பிறந்தவர். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடை கண்ணிகளையெல்லாம் அரசே எடுத்துக்கொண்டபோது, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தவர். "இது பர்மா சாப்பாடு இல்லப்பா, பாரிஸ் கார்னர் சாப்பாடு" என்பார்.

போன வருடம் அவர் மனைவி காலமானார். அந்த அம்மாவும் பர்மாவிலிருந்து வந்த குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் மொய்ங்கா இருக்கும். மனைவி போனபின் நண்பர் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மகள் போனில் வருத்தப்பட்டாள். "மாமா, நான் செஞ்சா ஒரு வாய் சாப்பிட்டு வச்சிடறார். நல்லதா எங்கயாவது கிடைக்குமா?"

முதலில் ஒரு ஏசி ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். மொய்ங்கா இல்லை, கௌசே இருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய கௌசே பர்மாவிலும் உண்டு. ஆனால் எங்களுக்கு வந்தது ஏதோ தாய்லாந்துக் குழம்பு. பில்லைப் பார்த்தபோதுதான் எனக்குக் காரம் ஏறியது. நண்பர் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும் அவரே சொன்னார்: "அது காலைப் பலகாரம்பா. ராத்திரி தேடினா எப்படிக் கிடைக்கும்?" மீனை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, வாழைத்தண்டு, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு சேர்த்து, வறுத்த அரிசிப் பொடியோ கடலை மாவோ கரைத்துக் கெட்டியாக்கி, அரிசி சேமியாவின் மேல் ஊற்ற வேண்டும். கூடவே மொறுமொறுவென்று பேஜோ. நான் சாப்பிட்ட வண்டிகளில் வாழைத்தண்டு சூப் மட்டும் தங்கிவிட்டது, மீன் போய்விட்டது.

அத்தோவும் அப்படித்தான். பர்மிய மொழியில் அந்தப் பெயருக்குக் கையால் பிசைந்து கலந்தது என்று பொருள். அங்கே மீன் சாஸ் ஊற்றுவார்கள். இங்கே புளித்தண்ணி, முட்டைக்கோஸ், ஆரஞ்சு நிற நூடுல்ஸ். வெறுங்கையோடு வந்து இறங்கியவர்கள், கிடைத்ததை வைத்து, காசு கொடுத்துச் சாப்பிட்ட நம் நாக்குக்குத் தோதாகப் பிசைந்து கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இத்தனை வருடம் தின்றவன் அல்லவா!

பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் குடியேறிய வியாசர்பாடியில் விசாரித்து விசாரித்து, ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டு வாசலைக் கண்டுபிடித்தோம். ஒரு மேஜை, ஒரு பெரிய குண்டான், நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல். பக்கத்தில் போகும்போதே மீன் வாசனை. நண்பர் நின்றுவிட்டார்.

"ரங்கூன்ல எந்தப் பக்கம்மா நீங்க?"

"நான் பொறந்தது இங்கதான் ஐயா. மாமியார் சொல்லிக் குடுத்தது."

ஒரு கரண்டி வாயில் வைத்தார். நான் என் கிண்ணத்தைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலுமிச்சைப்புல் பத்தாதும்மா."

"கிடைக்கிற அன்னிக்குத்தான் போடுவேன் ஐயா."

ஒன்றும் பேசாமல் முழுக் கிண்ணத்தையும் முடித்தார். இன்னொன்று வாங்கினார். கிளம்பும்போது, "ஒரு பார்சல். சூப்பைத் தனியா கட்டும்மா, மகளுக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு கட்டு எலுமிச்சைப்புல். அவர் வாங்கி வந்தது.