சமையல் மேடை உயரத்தில் ஒரு மோட்டார் கார்

"பியட்" மோட்டாரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பம்பாயில் தயாராகி, பிற்பாடு "பத்மினி" என்று பெயர் மாற்றிக்கொண்டு, டாக்டர் வீட்டு வாசலிலும் கல்யாணப் பந்தலடியிலும் நின்றதே, அதேதான்! அந்தப் பெயர் நான்கு இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து உண்டானது. கடைசி எழுத்து ஓர் ஊரைக் குறிக்கிறது. அந்த ஊர்தான் டூரின். வாருங்கள், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம்.

தூரத்தில் ஆல்ப்ஸ் மலையின் பனிச் சிகரங்கள். ஊரையொட்டிப் "போ" நதி. பெயர்தான் "போ"வே தவிர, பார்ப்பவர்களை "வா, வா" என்றழைக்கும் நதி!

முதலில் லிங்கோட்டோ என்னும் பழைய பியட் தொழிற்சாலைக்குப் போவோம். 1923-ல் திறக்கப்பட்ட ஐந்து மாடிக் கட்டடம். தகடும் இரும்பும் கீழ்த்தளத்தில் நுழையும். மாடிக்கு மாடி உருப்பெற்று, உச்சிக்கு வரும்போது முழு மோட்டாராகிவிடும். மொட்டை மாடியில் நாம் வடாம் காய வைப்போம். இவர்களோ மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள்! ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஓட்டப் பாதை அங்கே இருக்கிறது. 1982-ல் இங்கே மோட்டார் செய்வது நின்றுவிட்டது. இப்போது கீழே கடைகளும் ஓட்டலும். மேலே ஓட்டப் பாதையில் பூச்செடிகள்.

அதே மாடியில் 2002-ல் ஒரு சித்திரசாலையும் திறந்தார்கள். மாட்டிஸ், பிக்காஸோ போன்றவர்களின் படங்களைத் தாண்டி வந்து, பல்லா என்பவர் 1913-ல் தீட்டிய படத்தின் முன் நின்றோம். வேகமாகச் செல்லும் மோட்டாரைப் பற்றிய படமாம்.

"மோட்டாரைக் காணோமே! கோடும் வளைவுமாகக் குழந்தை கிறுக்கினாற்போல் அல்லவா இருக்கிறது?" என்றார் எங்கள் கோஷ்டியில் வந்த மாமி.

உண்மைதான். ஆனால் உங்கள் தெருவில் ஒரு மோட்டார் சர்ரென்று பறந்தால், கண்ணில் என்ன தங்குகிறது? கதவா, சக்கரமா? ஒரு மின்னல், ஒரு புழுதி, ஒரு காற்று! இந்த ஊரிலேயே பிறந்த பல்லா அதைத்தான் பிடித்துத் திரையில் வைத்துவிட்டார்.

அடுத்தாற்போல், நதிக்கரையிலுள்ள மோட்டார் காட்சிசாலை. ஆரம்ப காலத்து மோட்டார்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். குதிரையை அவிழ்த்துவிட்ட கோச்சு வண்டிகள்! விளக்கு தனியாக, மட்கார்டு தனியாக, கால் வைக்கும் பலகை தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதே ஊர்ப் பினின் பரினா பட்டறையில் 1947-ல் உருவான சிசிட்டாலியா கார், இவற்றையெல்லாம் ஒரே வழுவழுப்பான உடம்பாக்கிவிட்டது. நியூயார்க்கின் நவீன கலைக் காட்சிசாலை 1951-ல் அதைச் சிற்பம் போல் காட்சிக்கு வைத்தது!

பிறகு சிவப்பும் வெள்ளையுமாக, ஆகாய விமான வாலுடன் ஒரு விசித்திரம்: பியட் டர்பினா. 1954-ல் லிங்கோட்டோ மொட்டை மாடியில் ஓட்டிப் பார்த்தார்களாம். இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறியது. எண்ணெயையும் ஏராளமாகக் குடித்தது. கடைக்கு வரவே இல்லை. இப்படி ஒன்றே ஒன்று செய்து பார்ப்பதுதான் கனவுக் கார்.

கனவுக் கார்களுக்குள் மகா துணிச்சலானது 1970-ல் பிறந்தது. பெர்த்தோனே பட்டறையில் இருந்த மார்ச்செல்லோ காந்தினி என்ற டூரின்காரர் வரைந்த "ஸ்ட்ராட்டோஸ் ஸீரோ". இப்பட்டறைகளில் சித்திரத்தை வைத்து மர அச்சு செய்வார்கள். செப்புக்குடம் தட்டும் கன்னாரைப் போல் அதன்மேல் தகட்டைத் தட்டித் தட்டி வளைப்பார்கள். இந்தக் காரின் உயரம் 84 சென்டிமீட்டர். உங்கள் வீட்டுச் சமையல் மேடையை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான்! பக்கத்தில் கதவே கிடையாது. முன் கண்ணாடியைப் பெட்டி மூடி போல் தூக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். நிற்கும்போதே ஓடுவது போன்ற ஆப்பு வடிவம். பல்லாவின் கோடுகளுக்குத் தகடு போர்த்தினாற்போல!

இதன் படத்தைக் காட்டியதும் மாமி கேட்டார்: "விற்கவும் மாட்டார்கள், குழந்தை குட்டிகளோடு ஏறவும் முடியாது. எதற்காக இந்த வீண் செலவு?"

நியாயமான கேள்வி. அந்த 84 சென்டிமீட்டர் கனவைப் பார்த்த லான்சியா கம்பெனி, அதிலிருந்து உண்மையில் ஓடும் பந்தயக் கார் ஒன்றைச் செய்யச் சொன்னது. அந்த ஸ்ட்ராட்டோஸ் 1974, 1975, 1976 மூன்று ஆண்டும் உலக ராலிப் பட்டத்தை வென்றது. ஆனால், 1912-ல் தொடங்கிய பெர்த்தோனே பட்டறை 2014-ல் திவாலாகிவிட்டது. அது சேர்த்து வைத்திருந்த கார்களை இத்தாலியப் பழங்கார்ப் பிரியர்களின் சங்கம் சிதறவிடாமல் வாங்கிக் காப்பாற்றியது. கனவு கண்ட வீடு போயிற்று, கனவுகள் பிழைத்தன.

மாமிக்கு முழுத் திருப்தி இல்லை. வெளியே வந்து காபி குடித்தோம். கிடைத்த சில்லறையில் ஒரு 20 சென்ட் நாணயம். அதில் காற்றைக் கிழித்து நடக்கும் ஓர் உருவம். பல்லாவின் தோழர் பொச்சியோனி 1913-ல் செய்த சிற்பம் அது. வேகத்தையே பூஜித்த அந்த மனிதர், 1916-ல், 33 வயதில், குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். சுண்ணச் சாந்தில் தாம் செய்ததை வெண்கலத்தில் வார்த்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

மாமி நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மற்றச் சில்லறையோடு போடாமல், தலைப்பில் தனியாக முடிந்துகொண்டார்.