மில்லே வரைந்த வயல்வெளி: பார்பிசோனில் ஒரு நடை!

பாரீஸுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் ஃபோன்டேன்புளோ காடு. அதன் ஓரத்தில் இருக்கிறது பார்பிசோன் கிராமம். நீளமான ஒரே தெரு, இருபுறமும் ஆர்ட் கேலரிகள். அங்கேதான் ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே வாழ்ந்த வீடு; இப்போது மியூசியம்.

நார்மண்டி விவசாயி வீட்டுப் பிள்ளை அவர். 1849-ல் பாரீஸில் காலரா பரவியபோது குடும்பத்தோடு இங்கே வந்தார். 1875-ல் இறந்ததும் இங்கேதான். ஒன்பது பிள்ளைகள். காசுக்கு எப்போதும் திண்டாட்டம்.

ஊரைத் தாண்டினால் ஷாயி சமவெளி. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை 1857-ல் வரைந்தார். ஏழைகளை இவ்வளவு பெரிதாக வரைவதா என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். படத்தில் அந்தப் பெண்களின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. முதுகு வலிதான் தெரியும்!

அடுத்து 'ஆஞ்செலூஸ்'. மாலை மணியோசை கேட்டதும் உருளைக்கிழங்கு தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பிரார்த்திக்கும் தம்பதி. தூரத்தில் ஷாயி தேவாலயக் கோபுரம். 1,000 பிராங்குக்கு அதை விற்றார் மில்லே. அவர் இறந்து 14 வருடம் கழித்து, 1889-ல், பாரீஸ் ஏலத்தில் அதே படம் 5,53,000 பிராங்குக்குப் போனது. வறுமையில் இருந்த குடும்பத்துக்கு அதில் ஒரு காசுகூட வரவில்லை.

இந்த அநியாயம் பல காலம் பேசப்பட்டது. ஓவியம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கும் வாரிசுகளுக்கும் பங்கு தரும் சட்டம் பிரான்ஸில் 1920-ல் வந்தது.

இரண்டு ஓவியங்களும் இன்று பாரீஸின் ஓர்சே மியூசியத்தில் இருக்கின்றன. மில்லேயின் கல்லறை ஷாயியில், நண்பரும் ஓவியருமான தியோடர் ரூசோவின் கல்லறைக்குப் பக்கத்தில். பார்பிசோனிலிருந்து வயல் வழியாக நடந்தே போய்விடலாம்.