இடாப்பில் இல்லாத பெயர்

கணிதம் கற்பிப்பது என் தொழில். கணினிகளைப் பழுதுபார்ப்பது என் தொழிலன்று. ஆயினும், கல்லூரியில் எந்தக் கணினி நின்றுபோனாலும் "அவரிடம் கொண்டுபோங்கள்" என்று என்னைக் காட்டிவிடும் வழக்கம் எப்படியோ ஏற்பட்டுவிட்டது. அவ்வழக்கத்தினால் என் உள்ளத்தில் சிறிது செருக்கும் குடிகொண்டிருந்தது. அச்செருக்கு அடங்கிய வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகின்றேன். அதனால் மாணவர் சிலருக்கேனும் ஒரு பயன் விளையலாம் என்பது என் எண்ணம்.

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் வெளிநாட்டிலிருந்து ஒரே வகையான இரண்டு மடிக்கணினிகளை அனுப்பியிருந்தனர். சாவிப்பலகையைக் கழற்றிவிட்டால் அவற்றைச் சிலேட்டுப் போலக் கையில் ஏந்தலாம். திரையை விரலால் தொட்டே எல்லாக் காரியங்களையும் செய்யலாம். ஒன்று நூலகத்துக்குச் சென்றது. மற்றையது உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் பயிலும் ஒரு மாணவனுக்குக் கொடுக்கப்பட்டது. பிறவியிலேயே அவனுடைய கைத்தசைகள் வலுக்குறைந்தவை. பேனாவைப் பத்து நிமிடத்துக்கு மேல் அவனாற் பிடிக்க இயலாது. சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்துவதும் அவனுக்குப் பெரும்பாடு. ஆனால், கண்ணாடியின்மீது ஒரு விரலை மெல்ல நகர்த்த அவனால் முடியும்.

இக்காலத் தொடுதிரைக்கு அதுவே போதும். 1965 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மால்வேர்ன் நகரிலிருந்த ராடர் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி எழுதினார். அதன் அடிப்படை நம் மாணவர் பௌதிகவியலிற் படிக்கும் கொள்ளளவமே. கண்ணாடியின் கீழ் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. விரல் அணுகும் இடத்திற் கொள்ளளவம் சிறிது மாறுகின்றது. ஒரு சில்லு அம்மாற்றத்தை அளந்து, விரல் எங்கே இருக்கின்றது என்பதைக் கணித்துக் கூறுகின்றது. இங்கே விசை வேண்டியதில்லை. விரலின் இருப்பே வேண்டும். ஆகவே அத்திரை அம்மாணவனுக்கு வெறும் வசதியன்று. அஃது அவனுடைய பேனா, அவனுடைய கொப்பி.

அப்பேனாவை முறித்தவன் நான்தான்.

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு இலவசமாக வழங்கப்பட்டுவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்ரோபர் 14 ஆம் நாளோடு நின்றன. அடுத்ததாகிய விண்டோஸ் 11 இற்குக் குறைந்தது 64 கிகாபைட் சேமிப்பிடம் வேண்டும். எங்கள் மடிக்கணினிகளில் இருந்ததோ 32. இதற்கு லினக்ஸே தக்க மருந்து என்று நான் தீர்மானித்தேன். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த அம்முறைமை, பழைய கணினிகளுக்கும் புத்துயிர் அளிப்பது என்பதைப் பலமுறை கண்டவன் நான். மார்கழி விடுமுறையில் ஒருநாள், மாணவனுடைய கணினியிலிருந்த யாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸை நிறுவினேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கணினி முன்னிலும் விரைந்து ஓடிற்று. மகிழ்ந்தேன்.

விடுமுறை கழிந்து மாணவன் வந்தான். கணினியைப் பெற்று, மேசைமீது வைத்து, வழக்கம்போல் விரலைத் திரையில் வைத்தான். ஒன்றும் அசையவில்லை. மீண்டும் வைத்தான். அப்பொழுதும் அசையவில்லை. நான் சுட்டியையும் சாவிப்பலகையையும் கொண்டு இயக்கிப் பார்த்தவனேயன்றித் திரையை ஒருதரமேனும் தொட்டுப் பார்த்தவனல்லன் என்பது அக்கணத்திலேதான் எனக்கு விளங்கிற்று.

"பரவாயில்லை, சேர். முந்தியும் இது இல்லாமல்தானே படிச்சனான்" என்றான் அவன்.

அவன் குறை கூறியிருந்தால் என் மனம் ஓரளவு ஆறியிருக்கும். அன்று முதல் அருகிலிருந்த தோழன் ஒருவன் அவனுக்காகப் பக்கங்களைப் புரட்டினான். குறிப்புகளை எழுதிக் கொடுத்தான். தவணைப் பரீட்சைக்கோ ஆறு வாரங்களே இருந்தன.

முதல் மூன்று மாலைகளும் வீணாயின. கணினியோடு இணைந்த உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். சாவிப்பலகை இருந்தது, மின்பொத்தான் இருந்தது, தொடுதிரை இல்லை. யு.எஸ்.பி. வழியாக இணைந்தவற்றைக் காட்டும் கட்டளையை இட்டேன், அங்கும் இல்லை. கணினி தொடங்கும்போது கேர்னல் என்னும் உட்கரு எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து, 'டச்' என்ற சொல் வரும் வரிகளை மட்டும் தேடினேன். ஒரு வரியும் அகப்படவில்லை. "லினக்ஸ் இத்திரையை அறியவில்லை" என்று எனக்குள் தீர்ப்பெழுதினேன். கண்ணாடியே பழுதோ என்றும் ஐயுற்றேன். ஆனால், நூலகத்திலிருந்த மற்றைய கணினியின் திரை நன்றாகவே இயங்கிற்று. இதுவும் விடுமுறைக்கு முன்வரை இயங்கியதே.

நான்காம் நாட் காலையில் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்ல, மாணவர் விடை கூறினர். அப்போது ஓர் எண்ணம் தோன்றிற்று. யு.எஸ்.பி. கருவிகளும் இப்படித்தான் செய்கின்றன. இணைத்தவுடன் கணினி வினவ, "என்னைச் செய்தவர் எண் இது, என் வகை எண் இது" என்று அவை தாமே விடை கூறுகின்றன. ஆனால், பல மடிக்கணினிகளில் தொடுதிரைச் சில்லு யு.எஸ்.பி. வழியாக இணைக்கப்படுவதில்லை. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1982 இல் வகுத்த 'ஐ-டூ-சி' என்னும் இரண்டே கம்பிகள் கொண்ட வழியில் அஃது இணைக்கப்படுகின்றது. அவ்வழியில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. தன் பெயரைத் தானே சொல்லும் முறை இல்லை. வாய்திறவாத அம்மாணவனைப் பற்றி வேறொருவர் எழுதிக் கொடுத்தால்தான் ஆசிரியருக்குத் தெரியும். அவ்வாறு எழுதப்பட்ட இடாப்பே, கணினியைச் செய்தவர்கள் அதன் தாய்ப்பலகையில் வைத்திருக்கும் ஏ.சி.பி.ஐ. அட்டவணை. எந்த முகவரியில் எந்தச் சில்லு இருக்கின்றது என்பதை உட்கரு அதில் வாசித்தே அறிகின்றது.

அன்று மாலை அப்பதிவேட்டை மறுபடியும் திறந்தேன். இம்முறை எச்சொல்லையும் தேடவில்லை. முதல் வரியிலிருந்து, மாணவர் விடைத்தாளைத் திருத்துவதுபோல ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள். ஏறக்குறைய நடுப்பகுதியில், 'டச்' என்னும் சொல்லே இல்லாமல், சில்லின் பெயரை மட்டும் தாங்கி ஒரு வரி நின்றது. நிலைபொருளை ஏற்றும் முயற்சி தவறியது; வழு எண் –2. அந்த எண்ணின் பொருள் மிக எளிது: 'அப்படியொரு கோப்பு இல்லை' என்பதே.

ஆகவே லினக்ஸ் அச்சில்லை அறியாமல் இருக்கவில்லை. இடாப்பில் அதன் பெயரை வாசித்தது. அதற்குரிய இயக்கியையும் அழைத்தது. நம் நாட்டில் பஸ் ஓட்டுபவரைச் சாரதி என்கின்றோம். ஆங்கிலத்தில் அதே 'டிரைவர்' என்னும் சொல்லாற் குறிக்கப்படும் மென்பொருளே இவ்வியக்கி. சாரதி வந்து ஆசனத்தில் அமர்ந்துவிட்டார்; வண்டியிலோ எண்ணெய் இல்லை. மலிவான சில சில்லுகளுக்கு, மின்னை நிறுத்திய பின்னும் நினைவு வைத்திருக்கும் ஆற்றல் இல்லை. கணினி தொடங்குந்தோறும் அவற்றுக்கு நிலைபொருள் என்னும் சிறு மென்பொருளை ஊட்டல் வேண்டும். அதனைப் பிறருக்கு வழங்க உரிமையாளர் அனுமதி அளித்திராவிட்டால் லினக்ஸ் வெளியீடுகள் அதனைச் சேர்த்துக்கொள்வதில்லை. அக்கோப்பு முன்பு இதே கணினியில், விண்டோஸின் இயக்கிக் கோப்புறையில் இருந்தது. அதனை அழித்தவன் யார் என்று மீண்டும் சொல்ல வேண்டியதில்லை.

நல்லூழாக நூலகக் கணினியை நான் இன்னும் 'திருத்தி'யிருக்கவில்லை. நூலகரின் அனுமதி பெற்று, அதிலிருந்து அக்கோப்பைப் பென்டிரைவிற் பிரதிசெய்தேன். இதே இன்னலை முன்னரே அனுபவித்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளின்படி அதனை உரிய வடிவுக்கு மாற்றினேன். பதிவேட்டில் உட்கரு எந்தப் பெயரைக் கேட்டிருந்ததோ, எழுத்துப் பிசகாமல் அதே பெயரிட்டு, நிலைபொருட் கோப்புறையில் வைத்துக் கணினியை மீளத் தொடக்கினேன். திரையைத் தொட்டேன். குறி அசைந்தது!

ஆனால் வலப்புறம் தொட்டால் இடப்புறம் ஓடிற்று. மேலிருந்து கீழே விரலை இழுத்தால் திரையின் காற்பங்கிலேயே நின்றது. காரணம் பின்னர் புரிந்தது. திரையின் உண்மையான அளவை அறியாத இயக்கி, இரு திசைகளிலும் 4096 படிகள் உள்ளன எனத் தானாகவே கொண்டுவிட்டது. எங்கள் திரையோ அகலத்தில் ஏறக்குறைய 1640 படிகளோடும் உயரத்தில் ஏறக்குறைய 1020 படிகளோடும் முடிவது. அதுவுமன்றி, கண்ணாடி இடம் வலம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. இவ்வகைக் கணினிகளின் அளவுகளைச் செய்தவர் பெயரோடும் வகைப் பெயரோடும் தொகுத்துவைக்கும் கோப்பு ஒன்று லினக்ஸின் மூலநிரலில் உண்டு. அதில் எங்கள் வகை இடம்பெறவில்லை.

மறுநாள் மாணவனை அழைத்தேன். அரைகுறை வேலையைக் காட்ட எனக்கு வெட்கமாயிருந்தது. அவனோ திரையின் நான்கு விளிம்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, குறி எங்கே நிற்கின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேர், இது குழம்பேல்லை. நேர்கோடுதான்" என்றான்.

"எப்படித் தம்பி?" என்று கேட்டேன்.

அவன் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். அகலத்தை 0 முதல் 1 வரை எனக் கொள்வோம். இடது விளிம்பைத் தொட்டால் குறி 0.4 இல் நிற்கின்றது; வலது விளிம்பைத் தொட்டால் 0 இல் நிற்கின்றது. முதலாவது 0 ஆகவும் இரண்டாவது 1 ஆகவும் மாற வேண்டும். எனவே, வரும் எண்ணின் இரண்டரை மடங்கை ஒன்றிலிருந்து கழித்தல் வேண்டும். உயரத்தில் மேல் விளிம்பு 0, கீழ் விளிம்பு 0.25, நான்காற் பெருக்கினாற் போதும். லினக்ஸில் தொடுகையைத் திரையோடு பொருத்தும் 'லிப்இன்புட்' என்னும் மென்பொருள் கேட்பது ஆறு எண்கள் கொண்ட ஒரு தாயம். அவன் தந்த விடை: –2.5, 0, 1, 0, 4, 0.

வகுப்பிலே "தாயங்களாற் பயன் யாது, சேர்?" என்று கேட்கும் மாணவர்க்கு இதுவரை நான் சரியான விடை கூறியதில்லை. அன்று கிடைத்தது. அவ்வாறு எண்களையும் ஒரு விதிக் கோப்பில் எழுதி, கணினியை மீளத் தொடக்கினோம். அவன் விரல் நகர்ந்த வழியே கோடு நகர்ந்தது. முதலில் தன் பெயரை எழுதினான். பின்பு ஒன்றும் பேசாமல், முதல் நாள் விட்ட கணக்கைத் தொடர்ந்தான்.

இந்நிலைக்கு ஆளாவோர்க்குச் சில சொற்கள். புதிய முறைமையை நிறுவுமுன் அதனைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பாருங்கள். அதனாற் பழையது அழியாது. திரை, ஒலி, கமரா யாவற்றையும் கையாற் சோதியுங்கள். இயக்கிக் கோப்புகளுக்குப் பிரதி எடுத்துவையுங்கள். பின்பும் திரை இயங்காவிட்டால், யு.எஸ்.பி. பட்டியல், உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல், தொடக்கப் பதிவேடு என்னும் ஒழுங்கில் ஆராயுங்கள். பதிவேட்டை ஒரு சொல்லைத் தேடி அன்று, முழுவதும் வாசியுங்கள். பழைய முறைமையிலும் திரை இயங்கவில்லையாயின் பழுது கண்ணாடியிலோ இணைப்புக் கம்பியிலோ இருத்தல் கூடும். அதற்கு எம்மென்பொருளும் மருந்தாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொருளைத் திருத்தப் புகுமுன் அதனைப் பயன்படுத்துபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால், "சேர், திரை வேலை செய்யுமோ?" என்றே அவன் முதலிற் கேட்டிருப்பான்.

'அறியவில்லை' என்பது விடையன்று. எந்தப் படியில் அறியவில்லை என்னும் வினாவின் தொடக்கமே அது. இடாப்புக் கூப்பிடும்போது விடை வராத பெயருக்கு நேரே உடனே கோடிட்டுவிடுவது முன்பு என் வழக்கம். இப்போதெல்லாம் பேனாவை நிறுத்தி, ஒருமுறை நிமிர்ந்து வகுப்பைப் பார்க்கின்றேன்.