எங்கள் கிராமத்துப் பசி எப்போது செய்தியாகும்?

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

சில வாரங்களுக்கு முன் காலைக் கூட்டத்தில் தரம் 7 மாணவன் ஒருவன் மயங்கி விழுந்தான். தூக்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் கிடத்தினோம். தண்ணீர் தெளித்து எழுப்பி, "காலையில என்ன சாப்பிட்ட மகன்?" என்று கேட்டோம்.

"பசிக்கல்ல சேர்" என்றான்.

நாங்கள் கேட்டது ஒன்று, அவன் சொன்னது வேறொன்று. கிராமத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிற எல்லோருக்கும் இந்தப் பதில் பழக்கம். வீட்டில் ஒன்றும் இல்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. ரொட்டியும் பிளேன்டியும் கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வகுப்புக்குப் போனான்.

அன்றிரவு செய்தி பார்த்தோம். பாராளுமன்றத்தில் யார் யாரைத் தாக்கிப் பேசினார், பங்குச் சந்தைச் சுட்டெண் எவ்வளவு ஏறியது, கிரிக்கெட்டில் யார் வென்றது. எங்கள் மாணவன் விழுந்ததைச் சொல்லவில்லையே என்று எங்களுக்குக் கோபம் இல்லை. தினமும் எங்காவது நடப்பது செய்தியாகாது. ஆனால் வறுமை என்பதே தினமும் நடப்பதுதான். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நம்மவர்கள் வறுமையில் இருந்தால் கமரா வராது. வறுமையில் செத்தால் வரும். 2021 நவம்பர் 23 ஆம் திகதியை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம், மக்களை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் போயின. அதில் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று நாடே கிண்ணியாவைப் பார்த்தது. ஆனால் அதற்கு முந்திய நாட்களிலும் அதே படகில், அதே பயத்தோடு, அதே பிள்ளைகள்தானே பாடசாலைக்குப் போனார்கள்? அந்த நாட்களுக்கு ஒரு கமராவும் இல்லை.

2022 ஐ நினைத்துப் பாருங்கள். கேஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. காலை முதல் இரவு வரை எல்லாத் தொலைக்காட்சியும் அதையே காட்டின. காட்ட வேண்டியதுதான். அந்த வருடம் செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94 வீதத்தையும் தாண்டியது. பிறகு வரிசைகள் போயின, விலையேற்றத்தின் வேகம் குறைந்தது, "நெருக்கடி தீர்ந்தது" என்று செய்தியும் மாறியது. ஆனால் விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை இறங்கவில்லை. கூலி அந்த அளவுக்கு ஏறவும் இல்லை.

எங்கள் கிராமத்தில் கேஸ் வரிசையில் நின்றவர்கள் குறைவு. பாதிப் பேருக்கு அடுப்பே விறகு. அவர்களுடைய நெருக்கடி வேறு. 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது விளைச்சல் விழுந்தது. அடுத்த போகத்துக்கு நகையை அடகு வைத்தார்கள். அந்த நகை இன்னும் திரும்பவில்லை. கடன் கட்ட உம்மா வெளிநாடு போனார். வாப்பாவுக்கு உதவ மூத்த மகன் படிப்பை விட்டான். வரிசை முடிந்த பிறகும் அந்த மகன் பாடசாலைக்குத் திரும்பவில்லை. இதைப் படம் எடுக்க முடியாது. எதைப் படம் எடுப்பது? வகுப்பில் காலியாக இருக்கிற கதிரையையா?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். மாதக் கடைசியில் செய்தியில் சொல்லப்படும் பணவீக்கம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்துக் கணித்தது. தேசியச் சுட்டெண் ஒன்றும் இருக்கிறது. அது சில வாரம் பிந்தி வரும். அதற்குள் கதை பழசாகிவிடும். 2019 இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்கில் நகரத்தில் 6 வீதமானோர் வறியோர். கிராமத்தில் 15 வீதம், தோட்டப் புறத்தில் 33.8 வீதம். இது நெருக்கடிக்கு முந்திய நிலைமை. அதற்குப் பிறகு நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி மதிப்பிட்டது. நம் வகுப்புகளில் 40 பிள்ளைகள் என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

2023 இல் அஸ்வெசும வந்தது. பட்டியலில் பெயர் இல்லை என்று பல ஊர்களில் சனம் பிரதேச செயலகத்துக்கு முன்னால் நின்றபோது கமராக்கள் வந்தன. மேன்முறையீடு எழுதிக் கொடுத்துவிட்டுச் சனம் வீட்டுக்குப் போனதும் கமராவும் போய்விட்டது. அந்த மேன்முறையீடுகளுக்கு என்ன நடந்தது என்று கேட்டு யாராவது வந்தார்களா?

பிரதேச நிருபர்களைக் குறை சொல்ல வரவில்லை. அனுப்பியது பிரசுரமானால்தான் பலருக்குக் கொடுப்பனவு. சொந்தப் பெற்றோல் அடித்து ஓடுகிறவர்கள். கூலிக்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதி அனுப்பினால் இடம் கிடைக்காது, அமைச்சர் நாடா வெட்டினால் கிடைக்கும் என்றால் அவர்கள் எதை எழுதுவார்கள்?

இதுவரை மற்றவர்களைச் சொன்னோம். இனி எங்களைச் சொல்ல வேண்டும். உண்மையில் இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

சென்ற வருடம் தனவந்தர் ஒருவரின் உதவியில் வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் கொப்பிகளும் கொடுத்தோம். நல்ல எண்ணம்தான். உதவியவருக்குக் காட்ட வேண்டும், மற்றவர்களுக்கும் ஆர்வம் வர வேண்டும் என்று வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போட்டோம். நூற்றுக்கணக்கில் லைக். "மாஷா அல்லாஹ்", "அல்லாஹ் பொருந்திக் கொள்வானாக" என்று கருத்துகள். எங்களுக்கும் மனம் நிறைந்தது.

அடுத்த வாரம் தரம் 9 பிள்ளை ஒன்று வரவில்லை. மூன்று நாள், ஐந்து நாள், இரண்டு கிழமை. வரவு இடாப்பில் பூச்சியம் போட்டுக்கொண்டே வந்தோம். பிறகுதான் வீட்டுக்குப் போனோம். தகரம் அடித்த ஓர் அறை. உம்மா எங்களுக்குக் கதிரை தேடினார். பிள்ளை உள்ளே இருந்து வரவில்லை.

"சேர், நீங்க தந்தது பெரிய உதவி. குறை சொல்லல்ல. ஆனா கூட்டாளிமார் எல்லாரும் போன்ல பார்த்துட்டாங்க. அந்தப் போட்டோ இல்லாட்டி புள்ள வந்திரிக்கும்" என்றார்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து குத்பாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பதில் சொல்ல வார்த்தை இல்லாமல் திரும்பினோம். அன்றே பதிவை அழித்தோம். ஆனால் மற்றவர்கள் பகிர்ந்ததை எங்களால் அழிக்க முடியவில்லை.

கொழும்பு ஊடகங்கள் எங்கள் வறுமையைப் பார்ப்பதில்லை என்று கவலைப்படுகிறோம். நாங்கள் பார்த்த விதம் அதைவிட மோசம். அவர்கள் காட்டாமல் விட்டார்கள். நாங்கள் பிள்ளையின் முகத்தைக் காட்டினோம், காரணத்தைக் காட்டவில்லை. வாப்பாவின் நாட்கூலி எவ்வளவு, கொப்பி என்ன விலை, பஸ் ஏன் வருவதில்லை, கணித ஆசிரியர் இடம் ஏன் வெற்றிடமாக இருக்கிறது என்று அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. நம் ஊர்ப் பக்கங்களைப் பாருங்கள். 9ஏ எடுத்த பிள்ளைகளின் பதாகை இருக்கிறது. புது மண்டபத் திறப்பு விழா இருக்கிறது. அதே ஒழுங்கையில் ஓ.எல். வரைக்கும் வராமல் நின்றுபோன பிள்ளைகளின் தொகை எங்கேயும் இல்லை. ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு ஊர் உருவாகிக்கொண்டிருக்கிறது. ஒன்றைப் பற்றி மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிள்ளை இப்போது வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் டீச்சர் ஒருவர் மூன்று தடவை போய்ப் பேசித்தான் வந்தது. ஆனால் சப்பாத்துப் போடுவதில்லை. பழைய செருப்போடுதான் வருகிறது. ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

இப்போது பாடசாலையில் ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். உதவி பெறும் பிள்ளையின் படம் இனி எங்கேயும் வராது. உதவியவருக்குக் கணக்கும் பற்றுச்சீட்டும் மட்டும். காலையில் சாப்பிடாமல் வருகிறவர்கள், வராமல் நின்றவர்கள், அதற்கான காரணம், எல்லாவற்றையும் பெயரில்லாமல் எண்ணிக்கையாக எழுதி வைக்கிறோம். மாதம் ஒரு தடவை அதைப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் ஸகாத் குழுவுக்கும் நிருபர்களுக்கும் கொடுக்கப் போகிறோம். போடுவார்களோ இல்லையோ, கொடுப்போம்.

மற்றப் பாடசாலைகளில் இருக்கிற ஆசிரியர் சகோதர சகோதரிகளே, நீங்களும் உங்கள் வகுப்பில் எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பக்கங்களை நடத்துகிற தம்பிமாரே, அடுத்த தடவை உலர் உணவுப் பொதியோடு ஒரு உம்மாவை நிறுத்திப் படம் எடுக்க முன், அவருடைய பிள்ளையின் வகுப்பு நண்பர்களும் அதைப் பார்ப்பார்கள் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிக்கட்டும். வஸ்ஸலாம்.