தலையணையில் வாழும் பகை

பிறையில் வாழும் தாய்மார், குழந்தை இரவில் இளைத்தால் முதலில் சாளரத்தை அடைப்பர். தொழிற்பேட்டையின் புகையும், 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தை நோக்கி விரையும் லோரிகளின் புழுதியுமே காரணம் என்பது அவர்தம் எண்ணம். அதில் உண்மை உண்டு. புகை இளைப்பை மிகுவிக்கும். ஆயினும், அடைத்த அறைக்குள்ளேயே மற்றொரு பகை குடியிருக்கிறது.

வீட்டுத் தூசி தரும் ஒவ்வாமைக்கு அதில் வாழும் உண்ணியே வேர் என்பதை, 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர் வோர்ஹோர்ஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் காட்டினர். எட்டுக் கால்களையுடைய அவ்வுயிரின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். அது கடிப்பதில்லை. நம் உடலினின்று உதிரும் தோற்செதிலே அதன் உணவு. காற்றிலுள்ள ஈரமே அதன் குடிநீர். ஆண்டு முழுதும் ஈரம் கசியும் பிறையில் அதற்கு என்ன குறை? அதன் எச்சத்திலுள்ள புரதமே ஒவ்வாமையுடைய பிள்ளையின் மூச்சுக்குழலைச் சுருக்குகிறது. பெற்றோர்க்கு ஒவ்வாமை இருப்பின் பிள்ளைக்கு இடர் மிகுதி.

இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் உலர்த்திய பாட்டிமார், தம்மை அறியாமலே அதன் ஈரத்தைப் பறித்தனர். எனினும் வெயில் எச்சத்தை நீக்காது. ஆதலின் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவைத்தல் வேண்டும். மருத்துவர் தந்த மருந்தையும் நிறுத்தலாகாது.

இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய சிறுவன் பகலில் வகுப்பில் கண்ணயர்வான். அவனைச் சோம்பேறி எனக் கடியுமுன், இரவு உறங்கினானா என்று ஆசிரியர் ஒருமுறை வினவுதல் நன்று.