ரயிலை இழுத்தால் ராயில்

“ராயிலா? அது எந்த ஊர் வண்டி தம்பி?” என்று மாஸ்டர் கேட்டதும் அறையில் இருந்த மற்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். பாடியவன் சிரிக்கவில்லை. அவனே எழுதிய பாட்டு அது.

பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நடக்கிறது இந்தக் கிடார் வகுப்பு. மாஸ்டர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிடார் பிடிக்கக் கற்றது சர்ச் பாடகர் குழுவில். பாடிய பையன் வியாசர்பாடியில் மொபைல் சர்வீஸ் கடையில் இருக்கிறான். பழக வருகிறவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்பட்டுத்தான் வருவார்கள். சொந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட ஒருவன் வருகிறான் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போயிருந்தேன்.

மாஸ்டர் முதலில் கைவைத்தது பாட்டில் அல்ல, கிடாரில். ஆன்லைனில் வாங்கிய மலிவு கிடார். 12ஆவது ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது. கம்பிகளைத் தளர்த்தி, அவை உட்காரும் சேடில் என்ற வெள்ளைத் துண்டை உருவினார். பென்சிலால் ஒரு கோடு போட்டு, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் வைத்து ஒரே சீராகத் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பது, மாட்டிப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. அதிகம் போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். “பாதிப் பேர் மியூசிக் வராம ஓடல சார், விரல் வலி தாங்காம ஓடுறான்” என்றார் என்னிடம்.

பிறகுதான் பாட்டு.

கடைசி ரயிலும் போயிருச்சு
கண்ணு மட்டும் விழிச்சிருக்கு

பையன் இதற்கு ஜி, சி, டி என்று கார்டு பிடித்து வைத்திருந்தான். ஒரு கார்டுக்கு நாலு தட்டு. இறக்கி ஏற்றி அடித்தால் எட்டு அடி. ‘கடைசி ரயிலும்’ ஆறே எழுத்துத்தான் ஒலிக்கிறது, ஆறும் குறில் அளவுதான். எட்டை நிரப்ப வேண்டுமே என்று மிச்ச இரண்டையும் ‘ர’வின் தலையில் கட்டிவிட்டான். அதுதான் ராயில்.

மாஸ்டர் கிடாரை வாங்கிக் கீழே வைத்தார். “பாடாத. கூட வேலை செய்றவன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு” என்றார். அவன் சொல்லச் சொல்ல இவர் தொடையில் தட்டினார். பேசும்போது குரல் நீள்வது ‘போ’ ஒன்றில்தான். “அப்ப கார்டை அங்க மாத்து. முதல் ரெண்டு அடியைச் சும்மா விட்டுட்டு ஆரம்பி. ‘போ’ல வந்து சி-யில இறங்கு.” செய்து பார்த்தான். இரண்டு காலி, ஆறு குறில், அடுத்த சுற்றின் முதல் தட்டில் நெடிலும் புதுக் கார்டும் ஒன்றாக விழுந்தன. தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவதைக் கர்நாடக சங்கீதத்தில் அநாகத எடுப்பு என்பார்கள். மாஸ்டர் அந்தப் பெயரையெல்லாம் சொல்லவில்லை.

இரண்டாம் வரி வேறு மாதிரி. ‘கண்ணு’ மூன்று (கண் இரண்டு, ணு ஒன்று), ‘மட்டும்’ மூன்று (மட் இரண்டு, டும் ஒன்று). ஆக ஆறு. மறுபடி இரண்டு மிச்சம். இழுக்கப்போன பையனை மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “அந்த ரெண்டு கிடாருக்கு. எல்லாத்தையும் நீயே பாடிட்டா அது எதுக்கு மடியில?”

யாப்பிலக்கணம் என்றால் பள்ளிக்கூடத்தில் ஓடி ஒளிந்தவர்கள்தான் நம்மில் பலர். இந்த அறையில் அது இல்லாமல் ஒரு வரி நகரவில்லை. சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முன்னால் வருகிறது. இசையமைப்பாளர் ‘தன்னன்னா’ போட்டுக் கொடுக்க, நெடில் வேண்டிய இடத்தில் நெடில் வைத்துக் கவிஞர் எழுதித் தருகிறார். அதையே கேட்டு வளர்ந்தவன், சொல் முன்னால் வந்துவிட்டாலும் கார்டைத்தான் முதலில் தேடுகிறான். என் பார்வையில் தொடக்கக்காரனுக்கு இதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை மெட்டே தெரியாமல் வாய்விட்டு வாசித்தாலும் நடை பிடிபட்டுவிடும். சொல்லிலேயே தாளம் கிடக்கிறது. கை அதைக் கேட்டு நடந்தால் போதும்.

சுருதிச் சிக்கல் சீக்கிரம் தீர்ந்தது. ஜி-யில் பாடினால் அவன் குரல் அடியில் முனகியது. இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினார். பிடி அதேதான், சுருதி ஏ-க்கு ஏறிவிட்டது.

சரணத்தில் மறுபடி முட்டியது. அதில் ‘வியாசர்பாடி’ வருகிறது. எண்ணிப் பார்த்தால் சரியாக எட்டு: வி ஒன்று, யா இரண்டு, சர் இரண்டு, பா இரண்டு, டி ஒன்று. கணக்கு சரி, ஆனால் கை திண்டாடியது. ‘வி’ மட்டும்தான் இறக்கடியில் விழுகிறது. மற்ற நாலும் கை மேலே ஏறும்போது வருகின்றன. பழகாத கை இறக்கடியில் அழுத்தி, சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைத்தது.

“ஊர் பேரை மாத்திடவா மாஸ்டர்? பெரம்பூர்னு போட்டுக்கலாம்.”

“பொறந்த ஊரை ஏன்டா மாத்துற? கையை மாத்து.”

அன்றைக்குச் சரணத்துக்குக் கார்டே இல்லை. இடது கை விரல்களால் ஆறு கம்பியையும் சத்தம் வராமல் மூடிக்கொண்டு, ஏற்றடியில் மட்டும் அழுத்தம் கொடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். இரண்டாம் சரணத்தைப் பற்றிப் பையன் ஏதோ கேட்டான். “முதல்ல வியாசர்பாடி தாண்டு” என்று சொல்லிவிட்டு, அடுத்தவனின் கிடாரை வாங்கிச் சுருதி பார்க்க உட்கார்ந்தார்.